பெருவுக்குப் போக ஏற்ற மாதத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி

பெருவுக்கு எப்போது போகலாம் என்று கேட்பவர்களுக்குக் கிடைக்கும் வழக்கமான பதில், "மே முதல் செப்டம்பர் வரை, அதுதான் வறண்ட காலம்" என்பதாகும். இதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் மலைநகரமான குஸ்கோவையும் இன்கா காலத்துப் பழைய நகரமான மச்சு பிச்சுவையும் மட்டும் மனத்தில் வைத்துச் சொல்லப்படும் பதில் இது. அதே ஜூலை மாதத்தில் தலைநகரமான லிமா வாரக்கணக்கில் வெயில் காணாமல் சாம்பல் நிற மேகத்துக்கு அடியில் கிடக்கும். டிட்டிகாக்கா ஏரிக்கரையில் இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கும். வடகிழக்கே இகிட்டோஸைச் சுற்றியுள்ள காடுகளில் வெள்ளம் வடிந்து, மரங்களுக்கு ஊடே படகில் நுழையும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபடும். பெருவின் பரப்பு 12,85,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். இவ்வளவு பெரிய நாட்டுக்கு ஒரே ஒரு நல்ல பருவத்தைத் தேடினால், ஏதாவது ஓர் இடத்தில் ஏமாற்றம் காத்திருக்கும். எனவே எங்கெங்கே போக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதன் பிறகே நாட்காட்டியைக் கையில் எடுப்பது நல்லது.

ஒரே நாட்டில் மூன்று வானிலைகள்

பெரு மக்கள் தங்கள் நாட்டைக் கோஸ்தா, சியெரா, செல்வா என்று மூன்றாகப் பிரித்துப் பேசுவார்கள். கோஸ்தா என்பது பசிபிக் கடலை ஒட்டிய பாலைவனக் கரை. சியெரா என்பது ஆண்டிஸ் மலைநாடு. செல்வா என்பது மலைக்குக் கிழக்கே விரியும் அமேசான் காடு. இந்த மூன்றுக்கும் தனித்தனி வானிலை உண்டு.

தென் அரைக்கோளத்தில் இருப்பதால், நாட்காட்டிக் கணக்குப்படி பெருவில் டிசம்பர் முதல் மார்ச் வரை கோடை, ஜூன் முதல் செப்டம்பர் வரை குளிர்காலம். ஆனால் நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இந்தப் பிரிவு பயணிக்கு அவ்வளவாக உதவாது. குஸ்கோவில் ஜனவரியிலும் ஜூலையிலும் பகல் வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றே, இருபது டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். மாதத்துக்கு மாதம் உண்மையில் மாறுவது மழையும் இரவுக் குளிரும் ஆகும். டிசம்பர் முதல் மார்ச் வரை கிழக்கிலிருந்து வீசும் காற்று அமேசான் காட்டின் ஈரத்தை மலைமேல் ஏற்றிக்கொண்டு வந்து கொட்டுகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உயரத்தில் வறண்ட மேற்குக் காற்று வீசுவதால் வானம் துடைத்து விட்டது போல் இருக்கிறது. கடற்கரையின் கதை வேறு. தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் கடலை ஒட்டிய காற்றைக் குளிர்வித்துத் தாழ்வாக அடக்கி வைத்துவிடுகிறது. மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்வதால், மேகம் உருவாகிறதே தவிர உயர்ந்து மழையாக மாறுவதில்லை. லிமாவில் ஆண்டு முழுவதும் சேர்த்தும் இருபது மில்லிமீட்டர் மழை பெய்வதில்லை.

ஒரு சொல்லைப் பற்றி இங்கேயே எச்சரித்துவிடுகிறேன். மலைநாட்டில் பலர் மழை கொட்டும் டிசம்பர் முதல் மார்ச் வரையான மாதங்களைத்தான் "இன்வியெர்னோ", அதாவது குளிர்காலம், என்று சொல்வார்கள். வெயில் அடிக்கும் ஜூன், ஜூலை மாதங்கள் அவர்கள் பேச்சில் கோடை. லிமாக்காரர் ஒருவர் அதே சொல்லை நேர் எதிரான மாதங்களுக்குப் பயன்படுத்துவார். ஆகவே உள்ளூர் வழிகாட்டியிடம் கடிதம் எழுதிக் கேட்கும்போது பருவத்தின் பெயரைச் சொல்லாமல், மாதத்தின் பெயரைச் சொல்லி, "அந்த மாதத்தில் மழை எப்படி?" என்று கேட்பதே பாதுகாப்பானது.

பட்டியலை வரிசைப்படுத்துதல்

பார்க்க விரும்பும் இடங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றின் எதிரேயும் "மழை பெய்தால் இது கெடுமா?" என்ற கேள்விக்கு விடை எழுதுங்கள். லிமாவின் அருங்காட்சியகங்களும் உணவகங்களும் எந்த வானிலையிலும் கெடாது. குஸ்கோ நகரத்துத் தெருக்களும் கோயில்களும் பாதி கெடும். ஒரு குடையும் ஒரு மணி நேரப் பொறுமையும் போதும். மச்சு பிச்சுவில் மேகம் இறங்கிவிட்டால் அன்றைய காட்சி போய்விடும், ஆனாலும் உள்ளே நடக்கத் தடையில்லை. பல நாள் மலைநடையும் பனிமலை ஏற்றமும் மழையில் முற்றாகக் கெடும். சில சமயம் உயிருக்கே ஆபத்தாகும்.

இந்தப் பட்டியலில் அதிகமாகக் கெடக்கூடிய இடம் எதுவோ, அதுதான் மாதத்தைத் தீர்மானிக்க வேண்டும். மற்றவை அதற்கு வளைந்து கொடுக்கட்டும். பெரும்பாலானவர்கள் இதற்குத் தலைகீழாக, விமானக் கட்டணம் குறைந்த வாரத்தை முதலில் பிடித்துவிட்டு, அந்த வாரத்துக்குள் எல்லா இடங்களையும் திணிக்கப் பார்க்கிறார்கள். பிப்ரவரியில், மச்சு பிச்சுவுக்கு நடந்தே போகும் இன்கா பாதையில் நடக்க ஆசைப்பட்டு, அந்த மாதம் முழுவதும் பாதை மூடியிருக்கும் என்பதைச் சீட்டு வாங்கிய பிறகு அறிந்துகொள்பவர்கள் இப்படி உருவாகிறவர்கள்தான்.

குஸ்கோ, புனிதப் பள்ளத்தாக்கு, மச்சு பிச்சு

பெருவுக்குப் போகும் பெரும்பாலோரின் பட்டியலில் குஸ்கோவும், அதற்கும் மச்சு பிச்சுவுக்கும் இடையிலுள்ள புனிதப் பள்ளத்தாக்கும், மச்சு பிச்சுவும் முதலிடத்தில் இருப்பதால், இங்கே சற்று நின்று பேசுவோம்.

குஸ்கோ நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரியில் அங்கே சராசரியாக 150 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஜூனிலும் ஜூலையிலும் அது பத்து மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. மச்சு பிச்சு இதைவிட ஆயிரம் மீட்டர் தாழ்வாக, 2,430 மீட்டரில், மேகக் காட்டின் விளிம்பில் அமர்ந்திருக்கிறது. அங்கே ஆண்டு மழை குஸ்கோவைப் போல் இருமடங்குக்கும் மேல். குஸ்கோவில் வானம் நீலமாக இருக்கும் அதே நாளில் மச்சு பிச்சுவில் தூறல் விழலாம். ஜூலையில்கூடப் பையில் ஒரு மழைக்கோட்டு இருக்கட்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். வறண்ட காலத்திலும் விடியற்காலையில் பனிமூட்டம் சகஜம். பெரும்பாலும் முற்பகல் ஏற ஏற அது விலகும். ஆகவே முதல் நுழைவு நேரத்தைப் பிடித்தால்தான் நல்ல காட்சி கிடைக்கும் என்ற நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. எட்டு, ஒன்பது மணி நுழைவு பல நாட்களில் அதைவிட நல்லது.

மே முதல் தேதியிலிருந்து செப்டம்பர் இறுதி வரை உள்ள ஐந்து மாதங்களும் ஒரே மாதிரியானவை அல்ல. மே மாதத்தில் மழை ஓய்ந்திருக்கும், மலைச்சரிவுகளில் மழைக்காலத்தின் பச்சை இன்னும் மிச்சமிருக்கும், கூட்டமும் முழுமையாகச் சேர்ந்திருக்காது. ஜூனிலும் ஜூலையிலும் வானம் மிகத் தெளிவாக இருக்கும்; ஆனால் இரவில் குஸ்கோவிலேயே வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இறங்கும், சில இரவுகளில் அதற்கும் கீழே போகும். பல தங்கும் விடுதிகளில் அறையைச் சூடாக்கும் வசதி இல்லை என்பதால், இந்த மாதங்களில் போகிறவர்கள் அறைக்கு முன்பதிவு செய்யும்போதே அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆகஸ்ட்டுக்குள் புல் காய்ந்து மலைகள் பழுப்பாகிவிடும். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் விதைப்புக்கு முன் வயல்களையும் புல்வெளிகளையும் எரிக்கும் வழக்கமும் காட்டுத்தீயும் சேர்ந்து, சில நாட்களில் தொலைவுக் காட்சியைப் புகை மங்கலாக்கும். அக்டோபரில் மழை தலைகாட்டும். நவம்பரில் அடிக்கடி வரும். டிசம்பர் இறுதியில் நிலைகொள்ளும்.

எனக்கு ஒரே ஒரு மாதத்தைச் சொல்லும் வாய்ப்புக் கிடைத்தால், மே மாதத்தைத்தான் சொல்வேன். அடுத்தது செப்டம்பர். மழையில் நனையச் சற்றும் அஞ்சாதவர்களுக்கு ஏப்ரலின் பிற்பகுதியும் கைகொடுக்கும். பச்சையும் பூவும் நிறைந்த ஆண்டிஸைப் பார்க்க அதைவிட நல்ல நேரம் இல்லை.

மழைக்காலத்தை முழுவதுமாகத் தள்ளிவிடவும் தேவையில்லை. டிசம்பர் முதல் பாதியிலோ மார்ச் கடைசியிலோ பெரும்பாலான நாட்களில் காலையில் வெளிச்சமும் பிற்பகலில் கனத்த மழையும் என்று பொழுது பிரிந்துவிடும். காலை நேரத்தை வெளியே செலவிட்டு, பிற்பகலை அருங்காட்சியகத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்கினால் சமாளிக்கலாம். ஜனவரி, பிப்ரவரி இரண்டும்தான் கடினமான மாதங்கள். 2010 ஜனவரி இறுதியில் பெய்த பெருமழையில் மச்சு பிச்சுவுக்குப் போகும் ரயில் பாதை பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டு, மலையடி ஊரான அகுவாஸ் கலியென்டெஸில் ஆயிரக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டு, ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் வரை மச்சு பிச்சு மூடியே கிடந்தது. அத்தகைய வெள்ளம் அரிது. ஆனால் மண்சரிவால் ஒரு நாள் ரயில் நிற்பது அந்த மாதங்களில் அரிதன்று. சாலை வழியாகப் போய்ச் சேர முடியாத ஊர் என்பதால், ரயில் நின்றால் மாற்று வழி மிகக் குறைவு. ஆகவே ஜனவரி, பிப்ரவரியில் போகிறவர்கள் மச்சு பிச்சுவைப் பயணத்தின் கடைசி நாட்களில் வைக்கக் கூடாது. நாடு திரும்பும் விமானத்துக்கு முன் குறைந்தது இரண்டு நாட்களாவது இடைவெளி விட வேண்டும். ஆண்டின் முதல் சில மாதங்களில் குஸ்கோவுக்குள்ளிருந்து கிளம்பும் ரயிலுக்குப் பதிலாக, புனிதப் பள்ளத்தாக்கிலுள்ள ஒல்லன்டைதம்போ வரை பேருந்தும் அங்கிருந்து ரயிலும் என்று பயணம் பிரிக்கப்படும் என்பதையும் நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்கா பாதையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான்கு நாட்கள் நடந்து மச்சு பிச்சுவை அடையும் இந்தப் பாதையில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மட்டுமே அனுமதி. அந்த எண்ணிக்கையில் சுமைதூக்கிகளும் வழிகாட்டிகளும் அடக்கம். அப்படியென்றால் பயணிகளுக்குக் கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவு. உரிமம் பெற்ற நிறுவனங்கள் வழியாகத்தான் அனுமதிச் சீட்டு வாங்க முடியும். கடவுச்சீட்டு எண்ணோடு பிணைக்கப்படுவதால் அதைப் பிறர் பெயருக்கு மாற்ற இயலாது. மே முதல் ஆகஸ்ட் வரையான நாட்கள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். பிப்ரவரி முழுவதும் பராமரிப்புக்காகப் பாதை மூடப்படும். மச்சு பிச்சு மட்டும் அப்போதும் திறந்திருக்கும். அனுமதி கிடைக்காதவர்கள் சல்கன்தை மலைப்பாதையை நாடுவார்கள். அது 4,600 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் வழி. மழைக்காலத்தில் மண்சரிவுக்குப் பேர்போனது. அதை மே முதல் செப்டம்பர் வரைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வினிகுங்கா என்ற வண்ண மலையும் இதே கணக்கில் வரும். ஐயாயிரம் மீட்டருக்கு மேல் உள்ள அந்தக் கணவாயில் மழைக்காலத்தில் பனி விழுந்து, பார்க்கப் போன வண்ணத்தையே மூடிவிடும்.

மற்ற மலைப் பகுதிகள்

ஹுவராஸ் நகரத்தை அடுத்த வெண்மலைத் தொடரில்தான் பெருவின் மிக உயரமான சிகரமான ஹுவாஸ்கரான், 6,768 மீட்டரில், நிற்கிறது. அங்கே நடைபயணத்துக்கு மே முதல் செப்டம்பர் வரை. சிகரம் ஏறுவோருக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. இதில் பேரம் கிடையாது. மழைக்காலத்தில் மேகம் இறங்கி, பனிமலைகள் நாட்கணக்கில் முகம் காட்டாமல் போய்விடும்.

அரெகிப்பா பேரம் பேச இடம் தருகிற ஊர். 2,300 மீட்டரில், பாலைவனத்தின் விளிம்பில் இருப்பதால், ஆண்டில் பெரும்பகுதி வெயில் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை மட்டும் சிறிது மழை எட்டிப் பார்க்கும். அங்கிருந்து கோல்கா பள்ளத்தாக்கில் கோண்டோர் கழுகுகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு மே முதல் நவம்பர் வரை ஏற்றது. பள்ளத்தாக்கின் சுவர் வெயிலில் சூடேறி எழும் காற்றில்தான் அவை சிறகடிக்காமல் மேலேறுகின்றன; வானம் மூடியிருந்தால் அந்தக் காட்சி கிடைப்பது கடினம். அரெகிப்பாவின் புகழ்பெற்ற ஆற்று இறால் சூப்புக்காகவே போகிறவர்கள் கவனிக்க: இனப்பெருக்கக் காலத்தை முன்னிட்டு டிசம்பர் பிற்பகுதி முதல் மார்ச் இறுதி வரை ஆற்று இறால் பிடிக்கத் தடை இருக்கும்.

டிட்டிகாக்கா ஏரி 3,812 மீட்டரில் இருக்கிறது. ஜூன், ஜூலையில் பகல் வெயில் கண்ணைக் கூசச் செய்யும். இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி இறங்கும். தீவு வீடுகளில் இரவு தங்கும் எண்ணம் இருந்தால் ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்கள் உடம்புக்கு இதமானவை. ஆனால் ஏரிக்கரையிலுள்ள பூனோ நகரில் பிப்ரவரி முதல் பாதியில் நடக்கும் கந்தெலாரியா திருவிழாவுக்காக மழையையும் பொறுத்துக்கொள்ளலாம் என்பேன். பல்லாயிரம் பேர் ஆடும் அந்த விழாவை 2014-இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

வடக்கே சச்சாபோயாஸ் பகுதிக்கும் வறண்ட மாதங்களே நல்லவை. குவேலாப் கோட்டையின் மாபெரும் வெளிச்சுவரில் ஒரு பகுதி 2022 ஏப்ரலில் மழைநீர் ஊறிச் சரிந்ததை நினைத்தால் காரணம் புரியும். கோக்தா அருவிக்கு மட்டும் இது பொருந்தாது. மழைக்காலம் முடிந்த உடனே போனால்தான் அது அருவியாக விழும், இல்லாவிட்டால் நூலாகத்தான் தொங்கும்.

கடற்கரை

லிமாவுக்கு ஏற்ற காலம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. அப்போது வானம் திறந்து, வெப்பநிலை 25 டிகிரியைத் தாண்டி, மிராஃப்ளோரெஸ் பாறைவிளிம்பில் மாலை நேரத்தில் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம். ஜூன் முதல் அக்டோபர் வரை மேகம் நகரத்தின்மேல் கவிழ்ந்துகொள்ளும். அந்த நிறத்துக்கு லிமாக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் "கழுதை வயிறு". மழை என்று சொல்ல முடியாத, ஆனால் சட்டையை நனைத்துவிடும் அந்தச் சாரலுக்குப் பெயர் கரூவா. வெப்பநிலை 14, 15 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது என்றாலும் ஈரப்பதம் எலும்பு வரை ஏறும். வெயிலுக்கு ஏங்கும் லிமாவாசிகள் அந்த மாதங்களில் விடுமுறை நாட்களில் மலையடிவாரத்திலுள்ள சோசிகாவுக்குப் போவார்கள். மேகமூடியின் உயரத்தைத் தாண்டிவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரப் பயணத்திலேயே வெயில் கிடைத்துவிடும்.

ஆனாலும் லிமாவின் மேகத்துக்காக மலைநாட்டின் ஜூலையை விட்டுக்கொடுக்க வேண்டாம். லிமா பெரும்பாலோருக்கு இரண்டு நாள் ஊர்தான். சாப்பாடும் அருங்காட்சியகங்களும் அதன் பெரிய ஈர்ப்பு. அவற்றுக்கு வெயில் தேவையில்லை. குளிர்காலத்துக்கென்றே ஒரு கொடையும் உண்டு. நகரத்துக்கு வடக்கே லாச்சாய் குன்றுகள் அந்த மூடுபனியின் ஈரத்தை மட்டும் குடித்து, ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பாலைவனத்துக்கு நடுவே பச்சையாகிப் பூக்கும்.

தெற்கே, பாலைவனத் தரையில் கீறப்பட்ட பழங்கால மாபெரும் உருவங்களான நாஸ்கா கோடுகளை விமானத்திலிருந்து பார்க்க எந்த மாதமும் சரி. மாதத்தைவிட நேரம் முக்கியம். பிற்பகலில் காற்று எழும்பும் என்பதால் காலை நேரப் பறப்பைக் கேட்டு வாங்குங்கள். பரகாஸில் ஆகஸ்ட் மாதத்தை ஒட்டி ஊரின் பெயரையே தாங்கிய மணற்காற்று வீசும். அப்போது துறைமுகத்தை மூடி, பயேஸ்தாஸ் தீவுப் படகுகளை நிறுத்திவிடுவார்கள்.

வடகோடியில் மன்கோராவும் தும்பெஸும் ஹம்போல்ட் நீரோட்டத்தின் பிடியிலிருந்து விலகியவை; அங்கே கடல் ஆண்டு முழுவதும் குளிக்கத் தகுந்தது. டிசம்பர் முதல் மார்ச் வரை வெயிலும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும். கூன்முதுகுத் திமிங்கிலங்களைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை போக வேண்டும். கன்று ஈனுவதற்காக அவை தென்முனைக் கடலிலிருந்து அந்த வெதுவெதுப்பான நீருக்கு வருகின்றன.

அமேசான் காடு

காட்டில் "மழை இல்லாத காலம்" என்று ஒன்று கிடையாது. மழை அதிகமான காலமும் குறைவான காலமும்தான் உண்டு. பெருவில் பயணிகள் போகும் காடு இரண்டு, இரண்டுக்கும் கணக்கு வேறு.

வடக்கே இகிட்டோஸ். சாலையால் அடைய முடியாத இந்த நகரத்தில் மாதத்தைத் தீர்மானிப்பது ஆற்றின் மட்டம். டிசம்பரில் ஏறத் தொடங்கும் நீர் ஏப்ரல், மே மாதங்களில் உச்சத்தைத் தொட்டு, செப்டம்பர் வாக்கில் அடிமட்டத்துக்கு இறங்கும்; இரண்டுக்கும் இடையே பல மீட்டர் வித்தியாசம் இருக்கும். நீர் உயர்ந்திருக்கும்போது காட்டுக்குள்ளேயே சிறு படகில் மரக்கிளைகளின் உயரத்தில் மிதந்து போகலாம். குரங்குகளும் பறவைகளும் கண்மட்டத்தில் இருக்கும். நீர் இறங்கிய பிறகு கால்நடையாகப் போகும் பாதைகள் திறக்கும், மணல்கரைகள் தோன்றும், மீன் பிடிப்பது எளிதாகும். எது பிடிக்கும் என்பது அவரவர் விருப்பம். பகாயா சமிரியா காப்புக்காட்டுக்குப் படகுப் பயணமாகப் போவதென்றால் நான் உயர்நீர்க் காலத்தையே தேர்வேன்.

தெற்கே புவேர்த்தோ மால்டொனாடோவை வாசலாகக் கொண்ட தம்போபாட்டா, மானு காடுகள். இங்கே மே முதல் அக்டோபர் வரை ஏற்றது. குஸ்கோவின் நல்ல மாதங்களோடு இது பொருந்திப் போவதால் இரண்டையும் ஒரே பயணத்தில் இணைப்பது எளிது. ஆற்றங்கரைக் களிமண் மேடுகளில் நூற்றுக்கணக்கான பஞ்சவர்ணக் கிளிகள் மண் தின்ன இறங்கும் காட்சிக்கு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு வியப்பு காத்திருக்கலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தெற்கு முனையிலிருந்து குளிர்காற்று ஏறி வந்து, முந்தைய நாள் 32 டிகிரியில் வியர்த்த காட்டை மறுநாள் 15 டிகிரிக்கும் கீழே தள்ளிவிடும். ஃப்ரியாஹே என்று அழைக்கப்படும் இது இரண்டு, மூன்று நாட்கள் நீடிக்கும், விலங்குகள் ஒடுங்கிவிடும். காட்டுக்குப் போகிறவர் பையில் கம்பளிச் சட்டையா என்று சிரிக்காமல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

எல் நினோ ஆண்டுகள்

மேலே சொன்ன கணக்குகளையெல்லாம் கலைத்துப் போடக்கூடியது எல் நினோ, அதாவது சில ஆண்டுகளில் பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிட வெதுவெதுப்பாகும் நிகழ்வு. கிறிஸ்துமஸை ஒட்டிக் கடல் நீர் வெதுவெதுப்பாவதைக் கண்ட வட பெருவின் மீனவர்கள்தான் குழந்தை இயேசுவைக் குறிக்கும் இந்தப் பெயரை வைத்தார்கள். வலுவான எல் நினோ ஆண்டுகளில் வறண்ட வடகரையில் வெள்ளம் வரும். 1982–83, 1997–98 ஆண்டுகளில் அப்படி நடந்தது. 2017 மார்ச்சில் கரையோர எல் நினோவால் பியூரா நகரமே நீரில் நின்றது. மழை லிமாவில் பெய்யாவிட்டாலும், மேலேயுள்ள மலைச்சரிவில் பெய்தது சேறும் பாறையுமாக உருண்டு வந்து பள்ளத்தாக்குச் சாலைகளை மூடும். இந்தச் சேற்றுவெள்ளத்துக்கு ஹுவைக்கோ என்று பெயர். ஜனவரி முதல் மார்ச் வரை வடகரைக்கோ, லிமாவிலிருந்து தரைவழியாக மலைக்கோ போவதாக இருந்தால், கிளம்புவதற்கு முன் பெருவின் வானிலைத் துறையான செனாமி வெளியிடும் எச்சரிக்கைகளையும், எல் நினோவைக் கண்காணிக்கும் என்ஃபென் குழுவின் அறிக்கையையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பானிய மொழியில் இருந்தாலும், நிறக் குறியீடு கொண்ட வரைபடத்தைப் புரிந்துகொள்ள மொழி தேவையில்லை.

விழாக்களும் கூட்டமும்

வானிலை ஒத்துவந்த பிறகு கூட்டத்தைப் பாருங்கள். ஜூன் 24 அன்று குஸ்கோவில் இன்கா காலச் சூரிய விழாவான இன்டி ரைமி நடக்கும்; 1944 முதல் சக்சைவாமான் கோட்டை வெளியில் நாடகமாக நிகழ்த்தப்பட்டு வருகிறது. அதைக் காண்பதே நோக்கம் என்றால் அறையைப் பல மாதங்களுக்கு முன்பே பிடிக்க வேண்டும். நோக்கம் அதுவன்று என்றால், ஜூனின் கடைசிப் பத்து நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். ஜூலை 28, 29 பெருவின் விடுதலை நாள் விடுமுறை. பெரு மக்களே குடும்பத்தோடு பயணம் கிளம்பும் வாரம் என்பதால் பேருந்தும் விமானமும் நிரம்பிவிடும், கட்டணமும் ஏறும். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்திலும் இதே நிலை. கூட்டமில்லாமல் ஒரு மரபைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது, ஜூன் முற்பகுதியில் குஸ்கோ மாநிலத்தின் கெஸ்வாசாக்காவில் சுற்றுவட்டாரக் கிராமத்தார் புல்லைத் திரித்துக் கயிறாக்கி, ஆற்றின் குறுக்கே தொங்குபாலத்தை ஆண்டுதோறும் புதிதாகக் கட்டும் சடங்கு.

மாதத்தைப் பயணமாக மாற்றுதல்

இரண்டு வாரம் கையில் இருந்து, மே அல்லது செப்டம்பரைத் தேர்ந்தவர்கள் லிமா, அரெகிப்பா, கோல்கா, பூனோ, குஸ்கோ, மச்சு பிச்சு என்ற வரிசையில் போனால் உயரத்துக்கும் உடம்பு படிப்படியாகப் பழகும். கடைசியில் குஸ்கோவிலிருந்து புவேர்த்தோ மால்டொனாடோவுக்கு விமானத்தில் இறங்கிக் காட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். நேராகக் குஸ்கோவில் இறங்குகிறவர்கள் முதல் இரண்டு இரவுகளை அதைவிட அறுநூறு மீட்டர் தாழ்வான புனிதப் பள்ளத்தாக்கில் கழிப்பது நல்லது. எந்த மாதத்திலும் இது மாறாது.

டிசம்பர் இறுதியிலோ ஜனவரியிலோதான் விடுப்பு கிடைக்கும் என்பவர்கள் வரிசையைப் புரட்டிப் போடலாம். லிமா, வடகரை, இகிட்டோஸ் ஆகியவற்றுக்கு நாட்களை அதிகமாக ஒதுக்கி, குஸ்கோவுக்கும் மச்சு பிச்சுவுக்கும் பயணத்தின் நடுவே ஐந்து நாட்கள் கொடுத்து, மலைநடையைக் கைவிட்டால், அந்த மாதமும் வீண்போகாது. பிப்ரவரியில் போகிறவர்களுக்கு பூனோவின் திருவிழா மேலதிகக் காரணம்.

முன்பதிவு செய்யும் ஒழுங்கும் முக்கியம். இன்கா பாதையில் நடப்பதென்றால் அதன் அனுமதி முதலில். நடக்காதவர்களுக்கு மச்சு பிச்சு நுழைவுச் சீட்டு முதலில். அது நாள், நுழைவு நேரம், சுற்றுவழி ஆகிய மூன்றையும் குறித்து வழங்கப்படுவதால், மலைமேலிருந்து முழு நகரத்தையும் காட்டும் வழி எது என்று பார்த்து வாங்குங்கள். அடுத்து அந்த நேரத்துக்குப் பொருந்தும் ரயில், பிறகு குஸ்கோவில் அறை, உள்நாட்டு விமானம். நாடு விட்டு நாடு போகும் விமானச் சீட்டை, மச்சு பிச்சுவின் தேதி உறுதியான பிறகே வாங்குங்கள்.